கமராவுக்குள் இருக்கும் அம்மா

"அம்மா, நீங்கள் எப்ப வேலைக்குப் போவியள்?"

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, குசினியில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது என் மகள் கேட்ட கேள்வி இது. வயது நாலு. முகத்தில் கோபமில்லை, குறும்புமில்லை. பஸ் எப்ப வரும் என்று தரிப்பிடத்தில் நிற்பவர்கள் கேட்பார்களே... அந்த மாதிரி.

"இண்டைக்கு லீவு குஞ்சு. அம்மா முழு நாளும் வீட்டிலதான்" என்றேன், பெரிய பரிசு ஒன்றைக் கொடுப்பவள் போல.

அவள் முகம் வாடிவிட்டது.

ஏன் கேட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்ல, கமராவில் இருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீடு முள்ளியவளையில். எனக்கு முல்லைத்தீவில் கந்தோர் வேலை. கணவருக்கு வயல். மகளை முன்பள்ளியில் இருந்து கூட்டிவந்து, நான் வரும்வரை பார்ப்பவர் என் மச்சாள் – கணவரின் அக்கா. அதே வளவில் அடுத்த வீடு. தன் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். அவரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்தானே?

இருக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்தை வழமையாக வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். கந்தோர்க் கதிரையில் இருந்தால் என் கண்ணுக்குக் கிணற்றுக்கட்டு தெரியும். விறகுக்குள் பாம்பு தெரியும். தொண்டையில் சிக்கிய றம்புட்டான் கொட்டை தெரியும். படித்தால் பயம் போகும் என்று யார் சொன்னது? படித்தவர்களுக்குப் பயப்பட இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான்.

இதைக் கேள்விப்பட்டு, கனடாவில் இருக்கும் கணவரின் தம்பி ஒரு கமரா கொடுத்தனுப்பினார். கழுத்தைத் திருப்பும். இருட்டிலும் பார்க்கும். கந்தோரில் இருந்து நான் பேசினால் வீட்டில் கேட்கும். வீட்டில் பேசினால் என் போனில் கேட்கும். சுவரில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் பூட்டினோம். அங்கேதான் பிளக் இருந்தது. வேறு காரணம் இல்லை.

மச்சாள் ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தார். "நல்லதுதானே" என்றார். கையால் தலைமயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மறுநாளில் இருந்து அவர் நல்ல உடுப்பு மாற்றி, தலை வாரி இழுத்துக்கொண்டு பிள்ளை பார்க்க வரத் தொடங்கினார். சாப்பாடு முடிந்ததும் மகளின் சோற்றுக் கோப்பையைக் கமராவுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். "பாரும் பிள்ளை, ஒரு சோறு மிச்சமில்லை. கோப்பைக்கு அடியிலயும் பாக்கப்போறீரோ?" கந்தோரில் பக்கத்து மேசைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நான் மட்டும் பார்த்தால் பரவாயில்லை. பாஸ்வேர்ட் கனடாவிலும் இருந்தது. கணவரின் தம்பிக்கு இரவு வேலை. அவருக்குக் கண்ணைச் சுழற்றும் நேரம் எங்களுக்கு நல்ல பகல். "அண்ணி, வீட்டுக்குள்ள ஆடு வருது. அக்காட்டைச் சொல்லுங்கோ" என்று அங்கிருந்து எனக்கு அழைப்பு வரும். நான் கந்தோரில் இருந்து, "மச்சாள், ஆடு!" என்று கத்துவேன். மச்சாள் ஏற்கெனவே தடியோடு நிற்பார். ஓர் ஆட்டைத் துரத்த இரண்டு நாடு!

மகளுக்கு மட்டும் பெரிய சந்தோஷம். சுவரில் இருந்து அம்மா கதைக்கிறா அல்லவா? கீறின படம், முழங்கால் காயம், செத்துப்போன தும்பி... எல்லாவற்றையும் கமராவுக்குக் காட்டுவாள். மதிய இடைவேளை முழுக்க நானும் போனைக் கிட்டப் பிடித்து, "ஓம் குஞ்சு, பிறகு? தும்பி எங்க இருந்தது? பிறகு?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். நல்ல தாய் என்று எனக்கு நானே புள்ளியும் போட்டுக்கொள்வேன்.

போன கிழமை ஒரு நாள், கமரா கறுத்துப்போனது.

சரியாக மதியச் சாப்பாட்டு நேரம். கரண்ட் போனால் 'தொடர்பில்லை' என்று எழுத்து வரும். இது அப்படியில்லை. படம்தான் இருட்டு, சத்தம் கேட்டது. கோப்பை வைக்கும் சத்தம். மகள் இருமும் சத்தம். பிறகு மச்சாளின் குரல்: "துப்பு! துப்படி பிள்ளை! இன்னொருக்கால்... துப்பு!"

றம்புட்டான் கொட்டை.

"மச்சாள்! என்ன? என்ன நடந்தது?" கத்தினேன். பதில் இல்லை. அவரின் போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. கணவரின் போன் வயல் வரம்பில் எங்கோ மணி அடித்துக்கொண்டிருந்தது. அரை நாள் லீவு என்று வாயால் சொல்லிவிட்டு ஓடிப்போய் ஓட்டோவில் ஏறினேன்.

"அண்ணை, கெதியாப் போங்கோ!"

"முன்னால மாடு நிக்குது தங்கச்சி. மாட்டுக்கு மேலால பறக்க இது பிளேன் இல்லை."

வீட்டுப் படலையைத் தள்ளியபோது செத்தல் மிளகாய் எரிந்த நெடி மூக்கில் ஏறியது. உள்ளே மகள் கதிரையில் இருந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். முழுதாக. சுகமாக. அடுப்பில் மிளகாய்க் கரி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. கமராவின் தலையில் என் துவாய் தொங்கியது.

"என்ன மச்சாள் இது? துப்பு துப்பு எண்டு..."

"கண்ணூறு கழிக்கேக்க மிளகாயில துப்பாமல் வேற எங்க துப்புறது?" என்றார், நான் ஏதோ புது ஊருக்கு வந்தவள் போல. "இப்ப கொஞ்ச நாளாப் பிள்ளை ஒழுங்காச் சாப்பிடுறாள் இல்லை. எப்பிடிச் சாப்பிடுவாள்? வாய் திறந்தா நீர் பாக்கிறீர். கனடாவில தம்பி பாக்கிறான். அவன்ர பெஞ்சாதி பாக்கிறாள். பெஞ்சாதியின்ர தாயும் வந்து நிண்டு பாக்கிறாவாம். இத்தனை பேர் பாக்க, எந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்கும்?"

கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டு, "சுத்தேக்க வேற ஆரோடையும் கதைக்கப்படாது, அதுதான் உமக்குப் பதில் சொல்லேல்லை. கமராவுக்கும் சேர்த்துத்தான் சுத்தினனான். கண் அதுதானே" என்றார்.

பதில் சொல்ல வாய் திறந்தேன். விஞ்ஞானம் படித்தவள் அல்லவா? அப்போதுதான் மேசையில் இருந்த கோப்பையைப் பார்த்தேன். வெறும் கோப்பை. மகள் எல்லாவற்றையும் சாப்பிட்டிருந்தாள்! மிளகாய் வேலை செய்ததா? அல்லது சுவரில் இருந்து ஒரு குரல் "நல்லாச் சப்பு, தண்ணி குடி, நிமிர்ந்து இரு" என்று சொல்லாத ஒரு மதியம் அவளுக்குக் கிடைத்ததா? எனக்குத் தெரியவில்லை.

மகளை அள்ளித் தூக்கினேன். அவள் என் தோளுக்கு மேலால் கமராவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏன் அம்மா இஞ்ச வந்தனீங்கள்?" என்றாள்.

அன்று அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தேங்காய்த் துருவலுக்கு முன்னால்தான் மிச்சம் வந்தது.

"ஏன் குஞ்சு, அம்மா வேலைக்குப் போகவேணும்?"

"போனாத்தானே உங்களோட கதைக்கலாம்."

"இஞ்சயும் கதைக்கலாம்தானே?"

"இஞ்ச நிண்டா 'பொறு, பொறு' எண்டுதான் சொல்லுவியள். கமராவுக்குள்ள நிண்டா 'பிறகு, பிறகு' எண்டு கேப்பியள்."

வாசலில் நின்ற கணவர் சிரித்துவிட்டார். "இஞ்சேரும், அப்ப நீர் கமராவுக்குள்ளயே இருந்துவிடும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேங்காயைத் தள்ளி வைத்தேன். கை கழுவினேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கமரா இருக்கும் அறையிலேயே, அவளுக்கு நேரே நிலத்தில் இருந்தேன். "சரி, சொல்லுங்கோ. அம்மா கேக்கிறன்."

அவள் கண் விரிந்தது. தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து என் போன் கிணுங்கியது.

பழக்கம். கை தானாகப் போனது. 'வீட்டில் அசைவு தெரிகிறது' என்று கமரா அறிவித்திருந்தது. படத்தில் நாங்கள் இருவரும். ஒரு சின்னப் பிள்ளை வாய் திறந்தபடி இருக்கிறாள். அவளுக்கு முன்னால் ஒரு பெண், குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நிமிர்ந்தேன். மகள் எழும்பிப் போய்க் கமராவுக்குக் கீழே நின்று மிச்சக் கதையை அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. கணவர் கழற்றச் சொல்கிறார். துவாய் போட்ட மச்சாளோ, "இருக்கட்டும். சாப்பாட்டு நேரம் மட்டும் நான் மூடிவிடுறன். பிள்ளை தாயோட கதைக்கிறது அதிலதானே" என்கிறார். குத்தலா, இரக்கமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

கழற்றினால் பகல் முழுக்க எனக்குப் பிள்ளை இல்லை. விட்டால் பின்னேரம் முழுக்கப் பிள்ளைக்கு நான் இல்லை. என்ன செய்யலாம்? வேலைக்கும் போய்ப் பிள்ளையும் வளர்த்த தாய்மார் யாராவது எழுதுங்கள்.

ஆனால் தயவுசெய்து சுருக்கமாக எழுதுங்கள். நான் வாசிக்கத் தொடங்கினால் அவள் வந்து பக்கத்தில் நிற்பாள்... பிறகு 'பொறு' என்று சொல்ல வேண்டி வரும்.