ஒரு கையில் பிடிக்கிற போன்

என் தங்கைக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து ஏழாவது மாதம் அவள் என்னிடம் ஒரு போன் கேட்டாள். அதுவரை அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

"பழசு சூடாயிருதுக்கா. வீடியோ பாதியில நின்னுபோகுது. நல்லதா ஒண்ணு பாத்து வாங்கோணும். நீ கூட வாரியா?"

உடனே சரி என்றேன். நானே வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவ்வளவு அவசரமாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது.

அதற்கு நான்கு மாதம் முன்பு, அவளுக்குச் சிறுநீரகம் கொடுக்க யாருக்குப் பொருந்தும் என்று பார்த்தார்கள். எங்கள் அப்பா அம்மா இருவரும் உயிரோடு இல்லை. அவள் கணவருக்கு ரத்த வகை சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. அடுத்த பரிசோதனைக்கு நாளும் குறித்துவிட்டார்கள். அந்த நாளுக்கு முன்பே நான் போத்தனூரில் அவள் வீட்டுக்குப் போய், "உங்க மாமா வேண்டாங்கறாரு கண்ணு" என்றேன்.

என் கணவர் அப்படிச் சொல்லவே இல்லை. நான் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "உன்ற உடம்பு. நாஞ் சொல்றதுக்கு என்ன இருக்குது. குடுக்கறதுன்னா சொல்லு, லீவு போட்டுட்டு ஊட்டைப் பாத்துக்கறேன்." எனக்குப் பயம். வேறு ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய தாளை வாங்கிப் படித்த அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் அவர் பெயரைச் சொன்னேன். தங்கை அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சரிக்கா, விடு. சாப்புட்டுட்டுப் போ" என்றாள். அதன்பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவேயில்லை. கேட்ட சொந்தக்காரர்களிடமும் நான் அதையே சொன்னேன்.

போன் வாங்க ஒரு செவ்வாய்க்கிழமை காந்திபுரம் போனோம். திங்கள், புதன், வெள்ளி அவளுக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம் படுத்தே இருக்க வேண்டும். இடது கையில் இரண்டு ஊசி குத்தியிருக்கும், அந்தக் கையை அசைக்கக் கூடாது. அந்த அறை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்தது, அங்கே சிக்னல் வராது. அதனால் வீடியோக்களை முன்கூட்டியே இறக்கி, மெமரி கார்டில் போட்டுக்கொண்டு போவாள்.

பேருந்திலேயே அவள் எனக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டாள். கார்டு போட இடம் இருக்க வேண்டும். இயர்போன் ஒயர் வைத்ததாக இருக்க வேண்டும், ஒயர் இல்லாதது காதிலிருந்து விழுந்தால் ஒரு கையால் தேடி எடுக்க முடியாது. நான்கு மணி நேரம் சார்ஜ் நிற்க வேண்டும். எல்லாவற்றையும்விட, எடை குறைவாக இருக்க வேண்டும்.

முதல் கடை பெரியது. அங்கிருந்த பெண் எடுத்துக் காட்டியது எல்லாமே பளபளப்பாக, கனமாக இருந்தது. "இதுல கேமரா சூப்பரா இருக்குங்க்கா" என்றாள். தங்கை போனை வாங்கி, நாற்காலியில் சாய்ந்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டு, வலது கையால் அதை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். அப்படியே வைத்திருந்தாள். கடையில் எல்லோரும் பார்த்தார்கள்.

"என்னங்க்கா பண்றீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"படுத்துட்டே பாக்கோணுங்க. கை கடுக்குதான்னு பாக்கறேன்."

இரண்டு நிமிடத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கார்டு போட இடம் எங்கே என்று கேட்டாள். "இப்பல்லாம் அது வர்றதில்லீங்க்கா. எல்லாரும் ஆன்லைன்லயே பாத்துக்குவாங்க" என்றாள் அந்தப் பெண். தங்கை சிரித்தாள். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அந்தக் கையில் ரத்தக்குழாய் புடைத்துக் கயிறு போலத் தெரியும். அதைப் பார்த்தால் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள் என்று எப்போதும் மூடியே வைத்திருப்பாள்.

இரண்டாவது கடையில் ஒரு போனில் கார்டு போட இடம் இருந்தது. அவள் கொண்டுவந்த கார்டைப் போட்டுப் பார்த்தோம். படம் ஓடியது, சத்தம் வரவில்லை. வேறு ஏதோ ஆப் ஏற்றினால் வரும் என்றார் கடைக்காரர். ஏற்றினார், அப்போதும் வரவில்லை. "சத்தம் இல்லாட்டி என்னங்க, படந்தான் நல்லா ஓடுதே" என்றார். "எனக்குச் சத்தந்தாங்க வேணும்" என்றாள் அவள். கண்ணை மூடிக்கொண்டும் கேட்பாளாம்.

அவள் பார்த்தது சினிமா இல்லை. ரயில் எஞ்சினின் முன்பக்கம் கேமரா வைத்து எடுத்த நீளமான வீடியோக்கள். பேச்சும் இல்லை, கதையும் இல்லை. தண்டவாளம் வந்துகொண்டே இருக்கும், தடதடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் அப்பா போத்தனூரில் ரயில்வே கார்டாக வேலை பார்த்தவர். நாங்கள் வளர்ந்த குவார்ட்டர்ஸில் ரயில் சத்தம் கேட்காத நேரமே கிடையாது. எனக்கு அது தொந்தரவாக இருந்தது. அவளுக்கு அது தாலாட்டு.

வெயிலில் அலைந்து அவளுக்கு நாக்கு வறண்டுவிட்டது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. கைப்பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து, மூடியில் ஊற்றி நாக்கை நனைத்துக்கொண்டு மூடி வைத்தாள். பக்கத்தில் நான் கரும்புச் சாறு கடையைத் தாண்டி நடந்தேன். எனக்கும் தாகம்தான். குடிக்கவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான் போல இருந்தது.

கடைசியில் போத்தனூர் கடைவீதியிலேயே ஒரு சிறிய கடையில் கிடைத்தது. போன வருடத்து மாடல், பின்பக்கம் பிளாஸ்டிக், பார்வைக்குச் சாதாரணம். கார்டு போட இடம் இருந்தது, ஒயர் குத்தவும் இடம் இருந்தது. சத்தம் தெளிவாக வந்தது. அவள் மறுபடியும் தலையைச் சாய்த்து மேலே பிடித்தாள். கடைச் சுவரில் கடிகாரம் இருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் பிடித்தாள்.

"இது போதுக்கா" என்றாள். அவள் முகம் அன்றைக்கு மலர்ந்ததைப் பார்த்து நான் கடை என்றும் பார்க்காமல் அழுதேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "எதுக்குக்கா அழுகற. நல்ல போனு."

அதன்பிறகு வீடியோக்களை இறக்கிக் கொடுத்தது என் கணவர். அவர் வேலை பார்க்கிற பம்ப் கம்பெனி ஆபீஸில் நெட் வேகமாக இருக்கும். நான்கு மெமரி கார்டு வாங்கி வைத்துக்கொண்டு, வாராவாரம் மாற்றி மாற்றிக் கொடுத்தனுப்புவார். ஒருமுறை தங்கை என்னிடம் தயங்கிக்கொண்டே சொன்னாள்: "ஆறு வர்றது வேண்டாம்னு மாமாகிட்டச் சொல்லுக்கா. மழை பேயறதும் வேண்டாம். பாத்தாத் தண்ணி கேக்குது." அன்றிலிருந்து அவர் மதியம் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு வீடியோவையும் வேகமாக ஓட்டிப் பார்ப்பார். எங்காவது பாலம் வந்தால் அதை அழித்துவிட்டு வேறு தேடுவார். நான் கேட்டுக்கொண்டு செய்தது இல்லை, அவராகவே செய்தார்.

இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் அவள் இருந்தாள். சிறுநீரகத்துக்கு அரசாங்கத்தில் பதிந்து வைத்திருந்தார்கள், கூப்பிடவில்லை. ஒரு புதன்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பித் தலை பின்னிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவள் கணவர் போனில் என்னிடம், "அக்கா, வாங்க" என்று மட்டும் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது.

சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு தங்கையின் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு சின்ன டப்பாவை மேசைமேல் வைத்தார்.

"அண்ணனோட கார்டுங்க. நாலும் இருக்குது."

"வெச்சுக்கங்க தம்பி."

"எனக்கு எதுக்குங்க்கா. போனை மட்டும் நான் வெச்சுக்கறேன்."

காபி கொடுத்தேன். அவர் ஆறவைத்துக் குடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தேன். பிறகு என்னால் முடியவில்லை.

"தம்பி, அன்னிக்கு உங்க அண்ணன் வேண்டாங்கலீங்க. நான்தான் பயந்துபோட்டேன்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அவ அன்னிக்கே சொல்லிப்போட்டாங்க்கா. அக்கா பயந்துக்குது, மாமா மேல சாக்குச் சொல்லுது, நீங்க ஒண்ணும் கேட்டுப்போடாதீங்கன்னா. அதான் நானும் கேக்கலீங்க."

இதை அவர் என்னைத் தேற்றத்தான் சொன்னார். அவர் போன பிறகு நான் சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமும் அவள் எல்லாம் தெரிந்துகொண்டுதான் என் பக்கத்தில் நடந்திருக்கிறாள், கடையில் என் முதுகைத் தடவியிருக்கிறாள்.

சாயங்காலம் என் கணவர் வந்து உடை மாற்றி உட்கார்ந்ததும், நான் அவர் பெயரைச் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தார்.

"அப்ப இத்தன நாளும் நாந்தான் தடுத்தேன்னு அந்தப் புள்ள நெனச்சுட்டு இருந்துச்சா?"

"இல்லீங்க. அவளுக்குத் தெரிஞ்சிருக்குது."

"மத்தவங்களுக்கு?"

அடக்கத்தன்று அவர் சவப்பெட்டியைத் தூக்கக் கை கொடுத்தபோது, எங்கள் சித்தி மகன் அவரை விலக்கிவிட்டு அந்த இடத்தில் தான் நின்றுகொண்டது எங்கள் இருவருக்கும் ஞாபகம் வந்தது. அவர் அன்றைக்கு ஏன் என்று புரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சித்தியை நிறுத்தி நடந்ததைச் சொன்னேன். சித்தி என் கையைப் பிடித்திருந்தார். கேட்டு முடித்ததும் பிடியை மெல்ல விட்டுவிட்டார். "இத இப்ப எதுக்குச் சொல்ற" என்றார். "அவரு மேல தப்பில்லீங்க சித்தி, அதுக்குத்தான்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மகனோடு போய்விட்டார்.

என் கணவர் கேட்டுக்கு வெளியே வண்டியை ஸ்டார்ட் செய்து நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. வழக்கமாக அவர் தோளைப் பிடித்துக்கொள்வேன். அன்று வீடு வரும்வரை வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.