இடைவேளையில் எழுந்தவர்

குஷன்காரரின் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல் மெஷின் ஓடாது. வாய்தான் ஓடும்.

பழுதுக்கு வந்த இருக்கைகளைச் சுவரோரமாக வரிசையாகப் போட்டு வைத்திருப்பார். ஒரு பஸ்ஸின் நீளமான கடைசி சீட், கை உடைந்த சலூன் நாற்காலி, பல் டாக்டர் ஒருவர் அனுப்பிவைத்த சாய்வு நாற்காலி. அவற்றில் உட்கார்ந்துகொண்டு, அந்த வாரம் பார்த்த படங்களை நான்கு பேர் பிரித்து மேய்வார்கள். பஸ் சீட் கணக்கு டீச்சருக்கு. எந்தப் படமானாலும் அவருக்குக் கண் கலங்கிவிடும், அதனால் அவர் அழுததை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சலூன் நாற்காலி, எல்லோரும் 'லிஃப்ட்' என்றே கூப்பிடுகிறவருக்கு. அவர் ஏழு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவர். ஏழாவது மாடி வருவதற்குள் ஒரு முழுப் படத்தின் கதையையும் சொல்லி முடித்துவிடுவார். மூன்றாவது மாடிக்காரர்கள் சிலர் முடிவு தெரியாமல் இறங்க மனம் வராமல், மேலே போய்விட்டுத் திரும்பி வருவது உண்டு. பல் டாக்டர் நாற்காலி கம்பவுண்டருக்கு. கிளினிக்கில் முப்பது வருடம் மருந்து கட்டிக் கொடுத்தவர். படத்தில் யாராவது இருமினால் போதும், அந்த இருமல் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

குஷன்காரர் மட்டும் ஸ்பாஞ்சுத் துண்டுகளை அடுக்கி அதன்மேல் உட்காருவார். கடைசியாகப் பேசுகிறவர் அவர்தான். மற்றவர்கள் என்ன சொன்னாலும் அவர் வாயைத் திறந்தபிறகுதான் படம் நின்றதா விழுந்ததா என்று முடிவாகும். அவரிடம் ஒரே ஒரு அளவுகோல் உண்டு. "நெஜத்துல யாராவது இப்படிப் பேசுவாங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத் தப்பிய படங்கள் மிகக் குறைவு.

சங்கத்துக்கு இரண்டு சட்டம். இரண்டும் அவர் போட்டவை. ஒன்று, உறவுக்காரன் எடுத்த படமானாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். லிஃப்ட்டின் மச்சான் ஒரு படத்தில் பாட்டெழுதியபோது, "பாட்டு ஓடும்போது நல்ல தூக்கம் வந்துச்சு, அதுக்கு உங்க மச்சானுக்கு நன்றி சொல்லுங்க" என்று குஷன்காரர் சொன்னார். லிஃப்ட் ஒரு மாதம் கடைப்பக்கம் வரவில்லை. இரண்டாவது சட்டம், இடைவேளையில் எழுந்து போனவர் அந்தப் படத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. "பாதி தைச்ச மெத்தையில படுத்துப் பார்த்துட்டு முதுகு வலிக்குதுன்னு சொல்லலாமா?" என்பது அவர் வாதம்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு சனிக்கிழமை மதியம், தன் சொந்த மகள் நடித்த முதல் படத்திலிருந்து இடைவேளையில் எழுந்து போனார்.

மகள் வீட்டைவிட்டுத் தொலைதூர நகரத்துக்குப் போய் மூன்று வருடமாகிறது. அம்மா இறந்த நான்காவது மாதம் போனாள். சின்னச் சின்ன வேடங்கள், குரல் கொடுக்கும் வேலை என்று அலைந்து, இப்போதுதான் பெயர் போடும் அளவுக்கு ஒரு வேடம். நோயில் விழுந்த ஓர் இளம் மனைவி.

குஷன்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தியேட்டரின் இருக்கைகள் அத்தனையும் அவர் கையால் தைத்தவை. திரையில் மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கணவனாக நடித்தவன் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, "இதுல மீன் இருக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

முன்வரிசையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள்.

குஷன்காரர் சிரிக்கவில்லை. மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, கண்ணாடிக் குடுவையில் வளர்த்த மீனுக்கு இடம் போதவில்லை என்று நினைத்து அதைக் குடிதண்ணீர்க் குடத்தில் விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவர் மனைவி தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் கேட்கிற கேள்வி அது. கை நடுங்கி, குரல் தேய்ந்து, கட்டிலோடு கிடந்த மாதங்களிலும் கேட்டாள். அந்த மாதங்களில் வீட்டுக்கு யாரும் வரக் கூடாது என்று அவளே சொல்லியிருந்தாள். "என்னை இப்படி யாரும் பார்க்க வேணாம்" என்றாள். கம்பவுண்டர்கூட மருந்தை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போனார். அவள் ஒளித்துவைத்த முகத்தை மகள் எடுத்து, ஒரு சுவரளவுக்குப் பெரிதாக்கி ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

விளக்கு எரிந்ததும் எழுந்தார். வெளியே வந்தார். திரும்பிப் போகவில்லை.

அன்று மாலையே மகள் போன் செய்தாள்.

"அப்பா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்மா."

"கடைசி சீன்?"

"நல்லா இருந்துச்சு."

"எது நல்லா இருந்துச்சு?"

"எல்லாமே."



"நீங்க ஒரு படத்தை எல்லாமே நல்லா இருக்குன்னு சொல்லி நான் கேட்டதே இல்லைப்பா. பாதியில எழுந்துட்டீங்கதானே?"

 அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொன்ன ஒரு பொய்யும் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"புதன்கிழமையோட படத்தைத் தியேட்டர்ல இருந்து தூக்கறாங்கப்பா. பேப்பர்ல எழுதறவங்க என்ன வேணா எழுதட்டும். நீங்க முழுசா பார்த்துட்டு உள்ளதைச் சொல்லுங்க. திட்டுங்க, பரவாயில்லை. பார்க்கவே மாட்டேன்னா அதையாவது சொல்லிடுங்க. நான் இனிமே கேக்க மாட்டேன்." போனை வைத்துவிட்டாள்.

கடைசியாகச் சொன்னதுதான் அவரைத் தைத்தது. மகள் சொன்னால் செய்கிறவள். கேட்க மாட்டேன் என்றால் கேட்கவே மாட்டாள்.

மறுநாள் ஞாயிறு. மூன்று பேரும் படத்தைப் பார்த்துவிட்டே வந்திருந்தார்கள்.  லிஃப்ட் சலூன் நாற்காலியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நான் அழுதேன்" என்றார் டீச்சர்.

"நீங்க விளம்பரத்துக்கே அழுவீங்க டீச்சர். அடுத்த ஆள் பேசுங்க" என்றார் லிஃப்ட்.

கம்பவுண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அண்ணே, தப்பா எடுத்துக்கக் கூடாது. உறவு பார்க்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்க."

"சொல்லுங்க" என்றார் குஷன்காரர்.

"பொண்ணு நல்லாத்தான் பண்ணியிருக்கு. ஆனா அந்த மீன் சமாச்சாரம் இருக்கே, அது சுத்தப் பொய். முப்பது வருஷமா நோயாளிங்களைப் பார்க்கிறேன். அந்த நிலையில கெடக்கிறவங்க வலி குறையுமான்னு கேப்பாங்க, எப்போ எழுந்து நடப்பேன்னு கேப்பாங்க. தண்ணியில மீன் இருக்கான்னா கேப்பாங்க? நீங்க கேக்கிற கேள்வியைத்தான் நான் கேக்கிறேன். நெஜத்துல யாராவது இப்படிப் பேசுவாங்களா?"

"கதை எழுதினவன் மீன் கடை வச்சிருந்தானோ என்னமோ" என்றார் லிஃப்ட். மச்சானின் பாட்டுக்குக் கிடைத்த தீர்ப்பை அவர் இன்னும் மறக்கவில்லை.

"நீங்க சொல்லுங்கண்ணே. உங்க கருத்து என்ன?" என்றார் டீச்சர்.

குஷன்காரரின் கையில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு இருந்தது. அதைக் கசக்கினார், விட்டார். அது பழையபடி உப்பியது. பேசினார்கள், நிஜத்தில் பேசினார்கள், என் வீட்டில் பேசினார்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. சொன்னால் மனைவி பூட்டிவைத்த அறையின் கதவைத் தானே திறந்துவிட்டதாகும். அதோடு, பேசவும் அவருக்கு உரிமை இல்லை. தான் கட்டிய கயிறு தன் காலிலேயே சுற்றிக்கொண்டது.

"நான் பேச முடியாது. இடைவேளையில எழுந்துட்டேன்" என்றார்.

லிஃப்ட்டின் நாற்காலி சுற்றுவது நின்றது. "நீங்களா?"

"பார்த்தீங்களா!" என்றார் கம்பவுண்டர். "பெத்த அப்பாவாலயே உட்கார முடியலை! சொல்லாம சொல்லிட்டாரு அண்ணன்."

அப்படி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குஷன்காரர் சொல்லவில்லை. குனிந்து, தைக்க வேண்டிய ரெக்சினை மடித்துக்கொண்டிருந்தார். தன் மகள் நடித்த படத்துக்குத் தன் மௌனத்தாலேயே தீர்ப்பு எழுதிவிட்டோம் என்பது, அவர்கள் எழுந்து போன பிறகுதான் அவருக்கு முழுதாக உறைத்தது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தியேட்டர் வாசல் வரை போனார். போஸ்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மனைவி "யாரும் பார்க்க வேணாம்" என்றது ஒரு காதில், மகள் "இனிமே கேக்க மாட்டேன்" என்றது மறு காதில். தைத்த தையலையே பிரித்துத் திரும்பவும் தைத்தார். செவ்வாய் மாலை ஊசி விரலில் ஏறியது. இருபத்தைந்து வருடத்தில் அவருக்கு அப்படி நடந்ததில்லை.

புதன்கிழமை மதியக் காட்சிக்குப் போனார். சாயங்காலத்திலிருந்து வேறு படம். டிக்கெட் கொடுக்கிறவர் இவருக்குத் தெரிந்தவர்தான்.

"அண்ணே, படம் ஓடாது போலிருக்கு. பத்துத் தலையாவது உள்ள இருந்தாத்தான் ஓட்டணும்னு உத்தரவு. இப்போ நாலு பேர். அதுல ஒருத்தர் தூங்க வந்தவரு."

"என்னோட அஞ்சு."

"அஞ்சு அஞ்சுதான். கால் மணி நேரம் பார்ப்பேன். அதுக்கு மேல என் கையில இல்லை."

குஷன்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து கம்பவுண்டருக்குப் போன் செய்தார்.

"உடனே தியேட்டருக்கு வாங்க. ஆள் குறையுது."

"எந்தப் படத்துக்கு? அதுக்கா? அண்ணே, ஒரு தடவை பார்த்ததே..."

"மீன் நெஜம்" என்றார் குஷன்காரர்.  "என் வீட்டுக்காரி கேட்டது அது. கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. நீங்க வாசல்ல மருந்து கொடுத்துட்டுப் போவீங்களே, அப்போ உள்ள அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தா."

 "அஞ்சு நிமிஷம்" என்று மட்டும் சொன்னார் கம்பவுண்டர்.

மற்ற இருவருக்கும் போனில் சொல்லிவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த மனைவியையும் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் கையைக்கூடச் சரியாகத் துடைக்கவில்லை. லிஃப்ட் தன் அலுவலகத்தில் 'பழுது' என்று பலகை மாட்டிவிட்டு ஓடிவந்தார். "ஏழு மாடியும் என்னைத் திட்டிக்கிட்டே ஏறுது" என்றார் மூச்சிரைக்க. டீச்சர் பிள்ளைகளுக்குப் பரீட்சைத்தாள் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, பக்கத்து வகுப்பு டீச்சரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி வந்திருந்தார். வரும்போதே கைக்குட்டை கையில் இருந்தது.

"ஒன்பது" என்றார் டிக்கெட்காரர். மணியைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பிறகு கவுன்டரை இழுத்து மூடினார். "நானும் ஒரு தலைதானே. வாங்க."

மீன் காட்சி வந்தது. இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. கம்பவுண்டர் முன்வரிசையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். இடைவேளை விளக்கு எரிந்தபோது குஷன்காரரின் கால்கள் தாமாக எழப் பார்த்தன. கைப்பிடியின் ஓரத்தில் தான் போட்ட தையலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டவர்களைப் போல நால்வரும் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிக் காட்சி. மகள் கட்டிலில் கிடந்தாள். கணவன் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் வாங்கவில்லை, கேட்கவும் இல்லை. கேள்வியே மறந்துபோன கண்கள். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு தானே டம்ளருக்குள் எட்டிப் பார்த்து, "இல்லை, மீன் இல்லை. குடி" என்றான்.

குஷன்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அது அவர் செய்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள், அவர் மட்டும் இருந்தபோது, மனைவிக்காக அவரே பார்த்துச் சொன்னது. அறையில் வேறு யாரும் இல்லை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். மகள் கதவோரம் நின்றிருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் மற்றவர்கள் சொல்லிக்கொள்ளாமலே பிரிந்தார்கள். கம்பவுண்டர் மட்டும் அவர் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டுப் போனார். வாசலில் ஊழியர்கள் போஸ்டரைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். குஷன்காரர் அதே படிக்கட்டில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தார்.

"பார்த்துட்டேன். முழுசா."

"ம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கலை."

"தன்னை யாரும் பார்க்க வேணாம்னு சொன்னாளேம்மா. அது உனக்கும் தெரியும். அவ பேச்சைப் படம் எடுக்கறவங்ககிட்டச் சொல்லி ஊருக்கே கொடுத்துட்டியே."

மகள் அழுகிறாள் என்று மூச்சில் தெரிந்தது. ஆனால் குரல் அழவில்லை.

"மீனை விட்டது நான்தானேப்பா. அதுல எனக்குப் பங்கே கிடையாதா?"

 அவருக்குக் கோபம் போகவில்லை. அது நெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்திலேயே வேறு ஏதோ ஒன்றும் உட்கார்ந்திருந்தது.

"டம்ளரைப் பிடிச்சது தப்பு" என்றார் கடைசியில். "ரெண்டு கையாலயும் பக்கவாட்டுல பிடிச்சிருந்த. அம்மா அப்படிப் பிடிக்க மாட்டா. கை நடுங்கும்ல, அதனால இடது கையை அடியில கொடுத்துத்தான் வாங்குவா."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எதிலோ குறித்துக்கொள்ளும் சத்தமும் கேட்டது.

"அப்புறம்?" என்றாள்.

குஷன்காரர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்புறம், அந்த முதல் காட்சி" என்று ஆரம்பித்தார்.