புளியங்கொப்பில் வந்தவன்

ஞோ மவுங்கைப் பற்றி அவன் அம்மா தின் மியாவைக் கேட்டால் முதலில் சோற்றுப்பானையைத்தான் சொல்வாள். மூடி மேல் அம்மிக்குழவியை வைக்காமல் அவளால் வயலுக்குப் போக முடியாது. குழவியை நகர்த்தத் தெம்பு வந்த பிறகு அதுவும் உதவவில்லை. தின்பான், தூங்குவான், வைத்த பொருளை எங்கே வைத்தோம் என்று மறப்பான். வேறு குறை இல்லை.

அப்பன் நிலக்கடலைக் காட்டில் பாம்பு கடித்துச் செத்தான். தின் மியா பட்டாணி அவித்து, காலையில் கூடையில் சுமந்து விற்றுப் பிள்ளையை வளர்த்தாள். எல்லாப் பையன்களையும் போல இவனையும் மொட்டையடித்து, காவி கட்டிப் புத்த மடத்துக்கு அனுப்பினாள். மதியத்துக்கு மேல் அங்கே சோறு கிடையாது. மழைக்காலம் முழுக்க இருப்பான் என்று பார்த்தால், வாரம் முடியுமுன் வாசலில் வந்து நின்றான்.

"ஏன்டா வந்த?"

"பசிச்சுது. புத்தருக்கெல்லாம் எப்படிம்மா பசிக்காம இருந்துச்சு?"

"அவரு அரண்மனையில தின்னுட்டுக் கிளம்புனாரு. நீ உள்ள வா."

வளர்ந்ததும் மொன்யுவா டவுனில் ஒரு டீக்கடைக்கு வேலைக்குப் போனான். பட்டாளம் ஆட்சியைப் பிடித்து, நாட்டில் சண்டை மூண்டது. ஊர்ப் பையன்கள் பட்டாளத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கினார்கள். அவர்களுக்குத் தலைவன் தின் மியாவின் கொழுந்தன் பா சான். ஞோ மவுங் எந்தப் பக்கமும் போகவில்லை, டீ ஆற்றிக்கொண்டிருந்தான். தண்ணீர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது பட்டாளம் பஸ்ஸை நிறுத்தி வயசுப் பையன்களை எல்லாம் இறக்கியது. அதோடு அவன் சிப்பாய் ஆகிவிட்டான். அம்மாவுக்கு அவன் வாங்கிய லுங்கித்துணி பஸ்ஸிலேயே தங்கிவிட்டது.

செய்தி பரவியதும் பட்டாணி வியாபாரம் படுத்தது. பக்கத்து வீட்டு மா சோ கூடையை எட்டிப் பார்த்து, "என்னக்கா, பட்டாளத்துக்காரன் அம்மா அவிச்சது. உள்ள குண்டு கிண்டு இருக்குமா?" என்றாள்.

"இருந்தா உன் சொத்தப்பல்லு தாங்காது. போடி."

வாய்தான் அப்படிச் சொன்னது. மிஞ்சிய பட்டாணியை அன்று மாட்டுக்குப் போட்டாள்.

மழை விட்ட பிறகு ஒருநாள் புத்தர் கோபுரத்து மேட்டில் அவள் ஏறி நின்றபோது போன் வந்தது. அங்கே ஏறினால்தான் சிக்னல். தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காதில் வைத்தாள்.

"அம்மா, நம்ம ஊருக்கு எதுத்த குன்றுலதான் இருக்கேன். இங்கேருந்து பாத்தா நம்ம வீட்டுப் புகை தெரியுது. என்ன சமையல்?"

"நாசமாப் போறவனே, ஓடி வந்துடுடா."

"சுத்திக் கண்ணிவெடி புதைச்சிருக்கும்மா."

"எங்க எங்கன்னு பாத்துக் காலை வெய்யி."

"நான்தான் புதைச்சேன். எங்கன்னு மறந்துட்டேன்."

சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகப் பா சானிடம் போனாள்.

"குன்று மேல நம்ம பையன் இருக்கான். பாத்துச் செய்யி."

பா சான் தரையைப் பார்த்தான். "குண்டுக்கு நம்ம பையன், அடுத்தவன் பையன் தெரியுமா அண்ணி? சண்டை ஆரம்பிச்சதும் துப்பாக்கியப் போட்டுட்டுக் கையத் தூக்கச் சொல்லு."

அதைச் சொல்ல அவள் தினமும் மேடு ஏறினாள். அந்த நம்பரில் பிறகு யாரும் எடுக்கவே இல்லை.

அறுவடை நேரத்தில் ஒரு காலை குன்று அதிர்ந்தது. தின் மியா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியபின் பா சான் வந்து வேலிக்கு வெளியே நின்றான்.

"முடிஞ்சுது அண்ணி. குன்று நம்ம கையில. நம்மவனும்... போய்ட்டான்."

"கையத் தூக்கினானா?"

"தூக்க நேரமில்ல. காலைச் சோறு தின்னுட்டிருந்தாங்க. வாயில சோறு இருந்துச்சு."

செத்தவன் ஆற்றைக் கடக்க வாயில் காசு வைத்து அனுப்புவது வழக்கம். அவன் சோற்றை வைத்துக்கொண்டு போனான். ஓடக்காரன் வாங்கினானோ என்னவோ.

உடலைக் கேட்பதில் அர்த்தமில்லை. மற்றவர்களோடு குன்றடிப் புளியமரத்துக்குக் கீழே ஒரே குழியில் போட்டு மூடிவிட்டார்கள். மூடாவிட்டாலும், வெளியே குண்டடி, வெட்டு என்று பச்சைச் சாவு செத்தவனை ஊருக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். உயிரையாவது கொண்டுவர வேண்டும். செத்த இடத்து மரத்தில் ஒரு கொப்பை ஒடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உயிர் அதில் ஏறி வரும். ஏழாம் நாள் வீட்டில் சாமியார் ஓதி வழியனுப்புவார். அதற்குள் வீடு சேராதவன் பேயாகத் திரிவான்.

மறுநாள் தின் மியா, பையன்கள் நடந்த தடத்திலேயே காலை வைத்து, கூடையோடு குன்றடிக்குப் போனாள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு கொப்பை ஒடித்து வெள்ளைத்துணி சுற்றினாள்.

"ஞோ மவுங், எந்திரிடா. வீட்டுக்குப் போலாம். வழியில நின்னு வேடிக்கை பாக்காத."

கொப்பைக் கூடையில் வைத்து, மேலே புளியங்கொழுந்தைப் பறித்துப் போட்டு மறைத்தாள். ஓடை வந்ததும், "இறங்குடா, ஓடை" என்றாள். கரை ஏறியதும் அதையும் சொன்னாள். சொல்லாவிட்டால் உயிர் அங்கேயே நின்றுவிடும்.

ஊர்வாசலில் மூங்கில் தடுப்பு. காவலுக்கு நின்ற ஒருவன் பல்லைக் காட்டினான். "பெரியம்மா, கொழுந்தா? தொவையலுக்குக் கொஞ்சம் குடு."

அவள் தடுப்பதற்குள் கையை விட்டான். வெள்ளைத்துணி தட்டுப்பட்டதும் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான்.

"அண்ணே! இங்க வா! பொணத்தைக் கொண்டு வந்திருக்கா!"

பா சான் ஓடிவந்தான். கூடையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"வேணாம் அண்ணி. பச்சைச் சாவு. அதுவும் பட்டாளத்துக்காரன். உள்ள விட்டா ஊருக்கே ஆகாது. பசங்க மறுபடியும் சண்டைக்குப் போகணும்."

"சுட்டப்ப வராத பயம், செத்த பிறகு வருதா?"

"எவன் குண்டுன்னு யாருக்குத் தெரியும்?"

"நான் கேட்டேனா? வாசல்ல பேரு சொல்லிக் கூப்பிட்டாத்தான் உள்ள வருவான். அப்பன் இருந்தா அப்பன் கூப்பிடுவான். இல்லாட்டி சித்தப்பன். கூப்பிடு."

"என்னால முடியாது."

"சரி, வெளியவே இருக்கட்டும். இந்த வேலியச் சுத்திட்டுத் திரிவான். உனக்கும் காவலுக்கு ஆளாச்சு. சம்பளம் கேக்கமாட்டான். சோறுதான் கேப்பான். யாருகிட்டக் கேப்பான்னு நீயே நெனச்சுக்கோ."

காவல்காரன் இரண்டு அடி பின்னால் போனான். தின் மியா கூடையோடு வெயிலில் நின்றாள். பா சான் அவளைப் பார்க்காமல் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஞோ மவுங்குக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். கடைசியில் தொப்பியைக் கழற்றினான். வாசல் ஓரத்தில் இருந்த ஊர்க்காவல் தெய்வத்தின் குடில் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

"ஞோ மவுங்..."

"சத்தமா. அவனுக்கு எப்பவும் ரெண்டாவது தடவைதான் காது கேக்கும்."

"ஞோ மவுங்! வாடா. உள்ள வா." தடுப்பைத் தானே தூக்கிப் பிடித்தான்.

தின் மியா குனிந்து உள்ளே போனாள். நன்றி சொல்லவில்லை. சொல்வதற்கு அது ஒன்றும் உப்புக் கடன் இல்லை.

வீட்டில் கொப்பை அவன் தலையணை மேல் கிடத்தினாள். சோறு வடித்து, பட்டாணியில் எண்ணெய் ஊற்றிப் பக்கத்தில் வைத்தாள். பொழுது சாய்ந்தபோது இலைகள் எல்லாம் ஒன்றோடொன்று மூடிக்கொண்டிருந்தன. அந்தி சாய்ந்தால் புளி இலை தூங்கும் என்பார்கள். ஒடித்த கொப்பு தூங்காது, வாடும். அவளுக்குத் தெரியாதா.

மீதிச் சோற்றைப் பானையில் மூடினாள். பழக்கத்தில் குழவியைத் தூக்கிவிட்டாள். பிறகு மூடி மேல் வைக்காமல் தரையிலேயே உருட்டிவிட்டு, போய்ப் படுத்தாள்.