செருப்பைக் கழற்றும் இடம்

நாவற்குடாவில் எங்கள் வெறுங்காணியை வீட்டுத்துண்டுகளாகப் பிரிக்குமுன், மழைநீர்க் குளத்துக்கு இடம் குறிக்க ஓர் அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர். கொளுத்தும் வெயிலிலும் முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து போட்டிருந்தார். வரைபடத்தை விரிக்காமலே கேட்டார்.

“மாரியில எவடத்தில செருப்பைக் கழட்டிக் கையில எடுப்பீங்க, தம்பி?”

“அந்த மருதமரத்தடியில, ஐயா.”

நேரே அங்கே போய் முளை அடித்தார். எனக்குப் பதறியது.

“ஐயா, அதில நான் வீடு கட்ட இருக்கன்!”

“கட்டுங்க. தண்ணியும் உங்களோட வந்து இருக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. நான் வீட்டைத் தள்ளிக் கட்டினேன்.

அதன்பின் அவரைக் கண்டதில்லை. இன்று குளத்தைச் சுற்றிலும் வீடுகள். அடைமழையிலும் பாதையில் தண்ணீர் நிற்பதில்லை. ஆனாலும் குளக்கரையில் இன்னும் நிற்கும் அந்த மருதமரத்தடிக்கு வந்ததும், பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிடுகிறேன்.