சாயம் வாங்காத விரல்கள்

தவசி கொண்டுவர முடியாத நிறம் கிடையாது என்று நல்லூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறைகளில் சொல்வார்கள். சாத்தூருக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரிலிருந்து வந்து, துணி தள்ளும் ஆளாகச் சேர்ந்து, அதே பட்டறையில் சாய மாஸ்டர் ஆனவர். கேட்ட நிறம் குறைவாக வந்தால் அவர் பதற மாட்டார். மேலும் கொஞ்சம் சாயத்தைக் கரைத்து ஊற்றி இன்னொரு ஓட்டு ஓட்டுவார். அதற்கு டாப்பிங் என்று பெயர். அவர் கையில் டாப்பிங் தவறியது இல்லை.

2006 தை மாதம் அவர் மனைவி நாகஜோதியின் விரல் நுனிகள் வெளுக்கத் தொடங்கின. மாசி முடிவதற்குள் இரண்டு கைகளிலும் நகக்கண்களைச் சுற்றி வெள்ளை. வலது மணிக்கட்டில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒன்று. அவளுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்ததை மேசையில் விரித்து, கறையும் ஓட்டையும் பார்த்து ஒதுக்க வேண்டும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்த மேசையில்தான் நிற்கிறாள். இப்போது பக்கத்துப் பெண்கள் தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

சூப்பர்வைசர் சித்ராதேவி ஒருநாள் அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"கண்ணு, தப்பா நெனைச்சுக்காத. ஐப்பசியில சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வர்றாங்க. அதுக்குள்ள கை சரியாயிட்டா நீ இந்த டேபிள்லயே நில்லு. இல்லீன்னா பின்னால வேஸ்ட் பிரிக்கற ஷெட்டுக்குப் போயிரு."

"இது யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாகக்கா."

"எனக்குத் தெரியுது கண்ணு. பாக்கறவங்களுக்குத் தெரியோணுமே."

வெண்புள்ளிக்கென்று டாக்டரம்மா ஒரு லோஷன் எழுதிக் கொடுத்திருந்தார். "தடவிட்டுக் காலை வெயில்ல கொஞ்ச நேரம் காட்டுங்க. அப்புறம் சோப்பு போட்டுக் கழுவிரோணும். போகப் போக மெல்ல ஏத்திக்கலாமுங்க."

ஏற்றுவது என்று அவர் சொன்னது வெயிலில் நிற்கும் நேரத்தை. தவசிக்குத் தெரிந்த ஏற்றுதல் வேறு.

தினமும் காலையில் மொட்டை மாடியில் அவரே லோஷனைத் தடவிவிட்டார். நாகஜோதி கைகளை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

"துணிய முக்குற மாதிரி என்னைய முக்கி எடுக்கீக. பிழிஞ்சு கொடியில போட்டுறாதீக."

"பிழிஞ்சா சாயம் இறங்கிரும். சும்மா நில்லு."

வைகாசியில் மணிக்கட்டு வெள்ளைக்குள் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. தவசி அவற்றைப் பட்டறை லென்ஸை வைத்துப் பார்த்தார். "ஏறுதுடி" என்றார். அன்று அவள் சம்பளநாள் இல்லாமலே கறி எடுத்துச் சமைத்தாள். ஆனால் விரல்களில் ஒன்றும் வரவில்லை. ஆனியும் ஆடியும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த மேகத்திலேயே போயின. ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வானம் வெளிவாங்கியது. உச்சி வெயில். தவசி லோஷனை ஒருமுறை தடவி, காய்ந்ததும் அதன்மேலேயே மறுமுறை தடவி, நாகஜோதியை மாடியில் உட்காரவைத்தார்.

"எரியுதா?"

"இல்ல."

"அப்ப இன்னுங் கொஞ்சம் இரு."

அன்று மாலை கை அப்படியேதான் இருந்தது. அவருக்கு ஏமாற்றம். தொட்டிக்குள் போன சாயம் கண்முன்னே பிடித்துவிடும்; தோலின் கணக்கு அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் சிவந்தது. அதற்கடுத்த நாள் விரல்களிலும் மணிக்கட்டிலும் கொப்புளம் எழும்பி நீர் கோத்துக்கொண்டது.

டாக்டரம்மா திட்டவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"வெயில் பட்டா, மேல்தோல்ல இருக்கற செல்லு அடிபட்டுட்டேன்னு கீழ நிறம் பண்ற செல்லுக்குச் சேதி அனுப்புமுங்க. ஒரு ரசாயனந்தான் சேதி. அது கெடைச்சதும் கீழ இருக்கறது கறுப்பைப் பொட்டலம் பொட்டலமாக் கட்டி மேல அனுப்பும். மேல இருக்கறது அதை வாங்கிக் குடை மாதிரி புடிச்சுக்கும். நாம வெயில்ல கறுக்கறது அதனாலதானுங்க."

"இவ விரல்ல அந்தச் சேதி போகலையா?"

"போகுதுங்க. வாங்கறதுக்குத்தான் கீழ ஆளில்லை. முடி வேர்ல நிறச் செல்லு கொஞ்சம் மிச்சமிருக்கும். மணிக்கட்டுல புள்ளி வந்தது அப்படித்தான். விரல் நுனியில முடியே இல்லீங்களே. நான் மொதல்லயே வெவரமாச் சொல்லியிருக்கோணும்."

"அந்தப் புள்ளியாவது நிக்குமா?"

"வெந்த எடத்துல வெள்ளை இன்னும் படருமுங்க. இந்த நோயோட கொணம் அது."

தவசி கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "டெட் காட்டன்" என்றார்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நாகஜோதிக்குப் புரிந்தது. முற்றாத பஞ்சு நூலில் கலந்துவிட்டால் அந்த இழை சாயத்தை வாங்காது. கருநீலத் துணியில் வெள்ளைப் பொட்டாக நிற்கும். எத்தனை டாப்பிங் போட்டாலும் சுற்றியிருக்கிற துணிதான் பாழாகும். அப்படி வருகிற பனியன்களை இத்தனை வருஷம் ஒதுக்கி எறிந்தவள் அவள். கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

புண் ஆறியபோது மணிக்கட்டுப் புள்ளிகள் போய்விட்டிருந்தன. வெள்ளை முழங்கையை நோக்கி நகர்ந்திருந்தது. ஐப்பசி பிறந்த முதல் திங்கட்கிழமை, சித்ராதேவி சொல்லும்வரை காத்திருக்காமல், அவளாகவே வேஸ்ட் ஷெட்டுக்குப் போய்த் துண்டுத் துணிக் குவியலின் முன் உட்கார்ந்தாள். அங்கே தண்ணீர்ச் செம்பு அவளுக்கே தனியாக இருந்தது.

கார்த்திகையில் பட்டறையில் ஒரு கருநீலத் துணி லாட் வெள்ளைப் பொட்டுகளோடு வந்து நின்றது. முதலாளி துணியைத் தூக்கிக் காட்டினார்.

"ஏனுங்க மாஸ்டர், ஒரு டாப்பிங் போட்டுரலாமுங்களா?"

"வேண்டாங்க. வாங்காது."

"நீங்களா இப்படிச் சொல்றீங்க?"

தவசி துணியை வாங்கி மடித்து ஒதுக்கி வைத்தார்.

வீட்டில் லோஷன் புட்டியில் பாதிக்குமேல் மிச்சமிருந்தது. "கொட்டிரவா?" என்று நாகஜோதி கேட்டாள்.

"மூடி வையி."

"எதுக்குங்க?"

அவரே மூடியை இறுக்கித் திருகினார். 2008 மார்ச் வரை பயன்படுத்தலாம் என்று புட்டியில் அச்சிட்டிருந்தது. அந்த மார்ச் வரை அது அலமாரியில் இருந்தது. பிறகு நாகஜோதி அதைத் துவைக்கும் கல்லருகே கொண்டுபோய்க் கொட்டினாள்.