அலமாரிக்கு ஒரு சீக்வென்சர்

பெரிய கடைக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் வண்டி நிறுத்துகிற இடம் இருந்தது. அதன் வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூண்டுக்காரர், அவ்வளவுதான். சம்பளச் சீட்டில் தன் பெயரைப் பார்த்தால் இது யாருடா என்று அவரே ஒரு நொடி யோசிப்பார்.

வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டு கொடுக்க இயந்திரம் வந்துவிட்டது, காசு வாங்கவும் இயந்திரம் வந்துவிட்டது. அது மக்கர் பண்ணும்போது குறுக்குக் கம்பைத் தூக்க யாராவது ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அதற்குத்தான் இவர். எப்போது மக்கர் பண்ணும் என்று அந்தச் சனியன் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் எழுந்து போக முடியாது. ஒன்றுக்குப் போவதென்றாலும் மாற்றாள் வர வேண்டும். வலது கை எந்நேரமும் பொத்தான் பக்கத்திலேயே கிடக்கும். அது உடம்போடு ஒட்டிய கையா, கூண்டோடு ஒட்டிய கையா என்று அவருக்கே சந்தேகம்.

சரி, வீட்டுக்குப் போனாலாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்றால் அதுவும் கிடையாது. ஒரு ஹால், ஒரு அறை. இரண்டுக்கும் நடுவில் சுவர் வைக்கச் சோம்பேறித்தனப்பட்ட எவனோ ஒரு கதவையும், மீதி இடத்துக்கு ஒரு பெரிய மர அலமாரியையும் நிறுத்திவிட்டுப் போயிருந்தான். அலமாரியின் முகம் ஹாலைப் பார்த்திருக்கும். முதுகு அறைப் பக்கம், அது வெறும் பிளைவுட் பலகை. அறையில் மச்சான் இருந்தார். மனைவியின் அண்ணன். வேலை போனதும், "ஒரு வாரம் இருந்துட்டுக் கிளம்பிடறேன் மாப்ளே" என்று ஒரே ஒரு பையோடு வந்தவர். அந்த வாரம் இன்னும் முடிந்தபாடில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஹாலில், அவளுடைய தையல் மிஷின் காலடியில் படுத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் கூண்டுக்காரர் கெட்டியாக நின்றார். அந்த அறையை அவர் 'நம்ம ரூம்' என்றுதான் சொல்வார். தினமும் காலையில் கதவைத் தட்டி, "நம்ம ரூம்ல என் பனியன் இருக்கு மச்சான், எடுத்துக்கறேன்" என்பார். பனியன் அங்கே இருக்கிறதோ இல்லையோ, உள்ளே போய் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவார். மச்சானும் விடாக்கண்டர். 'உங்க ரூம்' என்றோ 'என் ரூம்' என்றோ அவர் வாயிலிருந்து ஒருநாளும் வராது. "நான் படுக்கற எடம்" என்பார். 'நம்ம ரூம்' என்று சொல்கிறவரைக்கும் ஒருநாள் அது திரும்பி வரும் என்பது கூண்டுக்காரர் கணக்கு.

அந்த அறையிலிருந்து மச்சானால் வெளியேற்றப்பட்ட பொருள் ஒன்று உண்டு. கூண்டுக்காரரின் மாடுலர் சிந்தசைசர். கீபோர்டு மாதிரி கட்டைகள் எதுவும் அதில் இருக்காது. வரிசையாக இரும்புத் தகடுகள், தகடு முழுக்கத் திருகுகள், துளைகள். ஒரு தகடு சத்தம் போடும், ஒன்று அந்தச் சத்தத்தை மழுக்கும், ஒன்று கூட்டிக் குறைக்கும். எதிலிருந்து எதற்கு வயர் சொருகுகிறோமோ அதற்குத் தகுந்தபடி ஓசை வரும். கூண்டில் கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்து, பழைய தகடாகத் தேடி ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பெட்டி வாங்க வக்கில்லை. பழைய மேஜையிலிருந்து ஒரு இழுப்பறையை உருவி, நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதில் தகடுகளை முடுக்கினார். மச்சான் வந்த பிறகு அந்த இழுப்பறை அலமாரிக்குள் போனது. அலமாரிக் கதவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே தலையை விட்டு, பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றுதான் வாசிப்பார். பின்னாலிருந்து பார்த்தால் ஏதோ திருடுகிற மாதிரி இருக்கும்.

வாசிப்பது என்று சொல்வதே கொஞ்சம் மிகை. 'ஙொய்ய்ய்' என்று ஒரே சத்தம். சுருதி மாற வேண்டுமானால் ஒரு திருகை விடாமல் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் மறுபடி ஙொய். அங்கே பொத்தான், இங்கே திருகு. இந்தக் கையை விடுவிக்கத்தான் சீக்வென்சர் என்று ஒரு தகடு இருக்கிறது. எந்தச் சுருதிக்கு அடுத்து எது என்று அதில் வரிசையாக வைத்துவிட்டால் போதும், அதுவே சுற்றிச் சுற்றி வாசிக்கும். இரண்டு கையும் சும்மா இருக்கும். இரண்டு கையும் சும்மா இருப்பதென்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் அவருக்கு. வாழ்க்கையில் அதற்கு மேல் கேட்கவில்லை.

மனைவியிடம் பேச்சை எடுத்தார்.

"இன்னொரு தகடா? என் புடவையெல்லாம் தலை மேல வச்சுக்கவா?"

"ஒரே ஒரு சந்து காலியா இருக்கு. அத அடைச்சிட்டா முடிஞ்சிது."

"சத்தியமா முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவள் திரும்பினாள். "சரி. ஆனா அலமாரிக் கதவு சாத்தணும். வெளிய ஒரு ஒயரு தொங்கக் கூடாது. அப்பறம் இதோட சரி. மறுபடி அது சரியில்ல, இது வேணும்னு வந்தீங்க, மொத்தத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

வாங்கப் போவது ஒன்றே ஒன்று. அதுவும் கடைசி. தப்பாக வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் ஙொய்தான்.

கூண்டிலிருந்தே பழைய எலக்ட்ரானிக் சாமான் கடைக்காரனுக்குப் போன் போட்டார்.

"சீக்வென்சர் வந்திருக்குண்ணே. மூணு தினுசு. எடம் எவ்ளோ இருக்கு உங்ககிட்ட?"

"இருப்பா, அளந்துக்கிட்டு வர்றேன்."

வெளியே ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. கண்ணாடியை இறக்கி ஒரு தலை எட்டிப் பார்த்தது. "யோவ், தூங்குறியா? தூக்குய்யா!"

"தூக்கறேன் சார், தூக்கறேன். வாய்யா, வா, போ."

"என்னண்ணே, வாங்கறீங்க, போங்கறீங்க?"

"உன்ன இல்லடா. வை போன."

அன்று சாயங்காலம் அளவு எடுத்தார். டேப்பு மனைவியின் மிஷினில் மாட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் வண்டிச் சீட்டு ஒன்று கிடந்தது. அதை அந்தக் காலிச் சந்தில் வைத்துப் பார்த்தார். அகலத்துக்குச் சீட்டும் ஒரு விரலும். உயரத்துக்குச் சீட்டை இரண்டு தரம் வைத்து அளந்தார். பேனாவால் கோடு போட்டு, பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டார். வேறு என்ன அளக்க வேண்டும்?

வார ஓய்வு நாளில் கடைக்குப் போனார். கடைக்காரன் மூன்றையும் மேஜை மேல் பரப்பினான். முதலாவது பார்க்கவே அம்சமாக இருந்தது. பதினாறு திருகு, பதினாறு விளக்கு. சீட்டை வைத்துப் பார்த்தார். இரண்டு சீட்டு தேவைப்பட்டது. விலையைக் கேட்டுவிட்டு, "இதுக்கு அலமாரிய மட்டும் இல்ல, மச்சானையும் சேத்து வித்தாத்தான் கட்டும்" என்றார்.

"மச்சான யாருண்ணே வாங்குவா?"

"அதான் கஷ்டம்."

இரண்டாவது ஒல்லியான தகடு. மூன்றிலும் மலிவு அதுதான். நடுவில் கட்டை விரல் நகத்தளவு ஒரு திரை. "இது என்ன வேணா பண்ணும்ணே, அறுபத்துநாலு சுருதி வரைக்கும் போகும்" என்று கடைக்காரன் புகழ்ந்தான். "இந்தா, இத அமுக்கிக்கிட்டே இதத் திருப்புங்க."

"திருப்பினா?"

"மெனு வரும். அதுல கீழ போயி, மறுபடி இத அமுக்கிப் புடிச்சுக்கிட்டே..."

"நில்லு. ஒரு கை அமுக்கிக்கிட்டே இருக்கணுமா?"

"ஆமாண்ணே."

"வேணாம்பா. அந்த வேலையத்தான் பொழுதன்னிக்கும் பாக்கறேன்."

மூன்றாவதில் எட்டுத் திருகு, எட்டு விளக்கு. ஒரு திருகுக்குக் குமிழ் இல்லை, மொட்டைக் கம்பி. திரையும் இல்லை, மெனுவும் இல்லை. மூன்றாவதைத் திருப்பினால் மூன்றாவது சுருதி மாறியது, ஏழாவதைத் திருப்பினால் ஏழாவது. எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. சீட்டை வைத்தார். கோட்டோடு கோடு பொருந்தியது. மொட்டைக் கம்பியைக் காட்டி விலையில் கொஞ்சம் இடித்தார். கடைக்காரன் முனகிவிட்டு இறங்கி வந்தான். "வித்தது வித்ததுதாண்ணே. திரும்பி எடுக்க மாட்டேன்."

"நான் ஏன்டா திரும்பி வரப்போறேன்?"

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், தகட்டைச் சந்தில் வைத்தார். அகலம் அப்படியே உட்கார்ந்தது. உயரமும் சரி. ஆனால் தகடு உள்ளே போகவில்லை. இரண்டு விரல் கனத்துக்கு முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. அழுத்திப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். கழற்றிப் பின்பக்கம் பார்த்தபோதுதான் விளங்கியது. முகம்தான் தகடு. முதுகில் பச்சை சர்க்யூட் பலகை, அதன் மேல் இன்னொரு பலகை என்று கொழுத்துப்போய் இருந்தது. இழுப்பறையோ ஆழமில்லாதது. பேப்பர் வைக்கச் செய்த இழுப்பறை எவ்வளவு ஆழம் இருக்கும்? வண்டிச் சீட்டுக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு. அதை வைத்து ஆழத்தை எப்படி அளப்பது?

"கதவச் சாத்திக் காட்டுங்க" என்றாள் மனைவி.

சாத்தினார். கதவு திருகுகளில் இடித்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"சாத்தணும்னு சொன்னேன்ல?"

"சாத்தும். இரு."

கடைக்காரனுக்குப் போன் போட்டார். அவன் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. "ஆழம் பாக்கலியாண்ணே? எல்லாரும் முதல்ல அதத்தானே பாப்பாங்க. சரி விடுங்க, பெட்டியோட பின்பலகைய வெட்டிருங்க. பின்பக்கம் கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், அவ்ளோதான்."

பின்னால் என்ன இருக்கிறது? இழுப்பறையின் அடிப்பலகை. அதை ஒட்டி அலமாரியின் முதுகு. அதற்கும் அந்தப் பக்கம் மச்சானின் தலைமாடு.

கூண்டுக்காரர் ஹாலில் உட்கார்ந்து யோசித்தார். மச்சான் வெளியே போகும்போது சத்தமில்லாமல் வெட்டிவிடலாம் என்றால், அந்த மனுஷன் வெளியே போனால்தானே? கடைசியில் எழுந்து போய்க் கதவைத் தட்டினார். மச்சான் மல்லாந்து படுத்து, கால் மேல் கால் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நம்ம ரூம் பக்கம் ஒரு சின்ன ஓட்ட போடணும்."

"நம்ம ரூம்னா போட்டுக்க வேண்டியதுதானே மாப்ளே. என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்ல, உங்க தலைமாட்டுல வரும். அதான் ஒரு வார்த்த."

"வார்த்தன்னா? சொல்றீங்களா, கேக்கறீங்களா?"

"கேக்கறேன்னுதான் வச்சுக்கங்களேன்."

"வச்சுக்கறது என்ன? கேட்டா கேட்டதுதான்." மச்சான் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. சாப்பாட்டுக்கு உட்காருகிற மாதிரி நிதானமாகச் சம்மணம் போட்டுக்கொண்டார். "எங்க ஓட்ட போடணும்?"

"இதோ, இந்தப் பலகைல."

"பலக தெரியுது மாப்ளே. யாரு ரூம்ல?"

ஹாலில் தையல் மிஷின் நின்றது.

கூண்டுக்காரர் பலகையைப் பார்த்தார். அதில் மச்சானின் சட்டை ஒரு ஆணியில் தொங்கியது. அந்த ஆணியை எப்போது அடித்தார் என்று தெரியவில்லை. முடியாது என்று திரும்பிப் போயிருக்கலாம். போனால் அந்தத் தகடு பழைய இரும்புக்குப் போகும், பின்னாலேயே மற்றதும் போகும். கை மறுபடி பொத்தானில் போய் ஒட்டிக்கொள்ளும்.

"உங்க ரூம்லதான் மச்சான்" என்றார்.

தையல் மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"அட, இதுக்கா இவ்ளோ தயக்கம்? தாராளமா போடுங்க" என்று மச்சான் தானே தலையணையை நகர்த்திக் கொடுத்தார். "ஷாக்கு கீக்கு அடிக்காதுல்ல?"

"அடிக்காது. அடிச்சா நல்லாருக்கும்."

சின்ன ரம்பத்தால் இரண்டு பலகையையும் வெட்டினார். தகடு கச்சிதமாக உட்கார்ந்தது. கதவு சாத்தியது. மனைவி ஒரு தடவை திறந்து சாத்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். வயர்களைச் சொருகி, எட்டுத் திருகையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து, ஓட விட்டார்.

எட்டுச் சுருதி, ஒன்றன் பின் ஒன்றாக, தானாகவே. விளக்குகள் வரிசையாக எரிந்து அணைந்தன. கூண்டுக்காரர் இரண்டு கையையும் எடுத்தார். ஓசை நிற்கவில்லை. புடவைகளுக்கு நடுவே கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். யாரோ துப்பாக்கி காட்டின மாதிரி. வலது கை கொஞ்ச நேரம் காற்றில் பொத்தானைத் தேடியது, பிறகு மெல்ல அடங்கியது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி.

அந்தச் சந்தோஷம் முழுசாக இரண்டு நாள் நிலைத்தது. மூன்றாம் நாள் மச்சான் அறையில் ஒரு தட்டுப் பலகை அடித்தார். அடுத்து, "என் ரூமுக்கு ஒரு திரை தைச்சுக் குடும்மா" என்று தங்கையிடம் சொன்னார். சும்மா, தண்ணி குடு என்கிற மாதிரி. காலையில் பனியன் எடுக்கக் கதவைத் தட்டிய கூண்டுக்காரருக்கு 'நம்ம ரூம்' என்று சொல்ல வாய் வரவில்லை. போட்டிருந்த பனியனோடு வேலைக்குப் போனார். ஒரு வாரம் என்கிற பேச்சு அதோடு நின்றுபோனது. இனி இவருக்கு உலகத்தில் இரண்டே இடம். பகலில் கண்ணாடிக் கூண்டு, சாயங்காலம் மரக் கூண்டு.

அடுத்த ஓய்வு நாள் மத்தியானம் அலமாரிக்குள் தலையை விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"மாப்ளே, உங்க சாமான் முதுகு கதகதன்னு இருக்கு. கைக்குட்டய காயப் போட்டிருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் பிளைவுட்டில் விரல் தாளம் கேட்டது. டக்கு டக்கு என்று எட்டுக்கு எட்டு, பிசகாமல். மச்சான் படுத்த வாக்கிலேயே கூடவே வாசித்துக்கொண்டிருந்தார். அறை போதாதென்று இதையும் எடுத்துக்கொண்டார்.

கூண்டுக்காரர் தகட்டை உற்றுப் பார்த்தார். ஒவ்வொரு விளக்குக்குக் கீழேயும் ஒரு துளை; விளக்கு எரியும்போது அதிலிருந்து ஒரு மின் துடிப்பு வரும். ஓரத்தில் தனியாக ஒரு துளை. அதில் துடிப்பு வந்தால் வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று கடைக்காரன் சொன்னது ஞாபகம் வந்தது. சின்ன வயர் ஒன்றை எடுத்தார். ஒரு முனையை எட்டாவது விளக்கின் துளையிலும் மறு முனையை அந்த ஓரத் துளையிலும் சொருகினார். எட்டாவது வருவதற்குள் வரிசை குப்புற விழுந்து ஒன்றுக்குத் திரும்பியது. ஏழாகிவிட்டது.

அந்தப் பக்கம் தாளம் தடுமாறியது. நின்றது. மறுபடி ஆரம்பித்து, மறுபடி தடுக்கியது.

"மாப்ளே! ஒண்ணு குறையுதே?"

"ஆமா மச்சான். ஓட்ட வழியா அந்தப் பக்கம் விழுந்திருக்கும். உங்க ரூம்ல தேடிப் பாருங்க."

ஹாலில் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு மிஷினை வேகமாக மிதித்தாள். பிளைவுட்டுக்கு அப்பால் கட்டில் கிறீச்சிட்டது. ஏழுக்கு ஏழாக விரல் மறுபடி தட்டிப் பார்க்கத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிற மாதிரி இருந்தது.

கூண்டுக்காரர் வயரை எட்டிலிருந்து பிடுங்கி ஆறில் சொருகினார்.