மஞ்சள் இல்லை என்றார் கமலநாதன்

கிள்ளானில் என் பெயிண்டு கடைக்குப் பக்கத்தில்தான் கமலநாதன் அண்ணனின் மரப்பட்டறை. ஐம்பத்தெட்டு வயது, இனிப்பு நீர் வியாதி, மூக்குக்கு மேல் கோபம். வெளிர் மரத்தில் மட்டும்தான் வேலை செய்வார். ரப்பர் மரப் பலகைகளை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்து, மஞ்சள் தட்டியதை ஒதுக்கிவிடுவார். எண்ணெய் வார்னிஷை நான் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார். நாளாக ஆக அது மரத்தை மஞ்சளாக்கிவிடுமாம். தண்ணீர் கலக்கும் வார்னிஷில் சிட்டிகை வெள்ளைச் சாயம் சேர்த்து மெல்லிசாக மூன்று முறை பூசுவார். எனக்கே பெயிண்டில் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கூப்பிடுவேன். அந்தக் கண்ணுக்கு அப்படி ஒரு பெயர், அதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் விஷ்ணுப்ரியா என்ற வக்கீலுக்குச் சாப்பாட்டு மேசை ஒன்று செய்தார். லோரியில் ஏற்றும்போது பார்த்தேன். நடுவில் இரண்டு பலகை மஞ்சள். என் கடை வாசலிலிருந்தே தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஒரு மாதத்துக்கு என் முகத்தில் விழிக்கமாட்டார், அப்படிப்பட்ட மனுஷன்.

மறுநாள் நான் பட்டறையில் இருந்தபோது அந்தப் பெண் போன் செய்தாள். "அங்கிள், நடுவுல ரெண்டு பலகை மஞ்சளா இருக்கு."

"உங்க வீட்டு லைட்டுதான் மஞ்சள் லா, மேசை இல்ல!" என்று போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாலா, நீயும் பாத்தியே. வெள்ளையாத்தானே இருந்துச்சு?"

"ஆமாண்ணே" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அடுத்த வாரம் அவர் மகள் மாதவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளைக்குக் கடல் தாண்டி மிரியில் எண்ணெய்க் கிணற்று வேலை, உடனே வர முடியவில்லை. அண்ணி காலமாகி ஆறு வருடமாகிறது. வீட்டில் அப்பாவும் மகளும் பச்சைக் குழந்தையும்தான். கிளினிக் நர்ஸ் வெள்ளிக்கிழமை வந்து பார்த்துவிட்டு, இனித் திங்கட்கிழமைதான் வருவேன், அதற்குள் உடம்போ கண்ணோ மஞ்சளானால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிப் போனார்.

சனிக்கிழமை மாதவிக்குச் சந்தேகம். அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் குழந்தையை ஜன்னலோரம் தூக்கிப் போய், இமையை விலக்கி, கன்னத்தருகே வெள்ளைத் துணி வைத்து நிதானமாகப் பார்த்தார். மஞ்சள் இல்லை என்றார். ஞாயிறு காலையிலும் பார்த்தார். இல்லை என்றார். மஞ்சள் விஷயத்தில் அவரை மறுத்துப் பேச அந்த வீட்டில் யாருக்குத் தைரியம் இருக்கிறது?

ஞாயிறு மத்தியானம் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு போனேன்.

"பாப்பா ரொம்ப தூங்குது ஆன்டி. பாலுக்கு எழுப்பினாலும் எழும்ப மாட்டேங்குது" என்றாள் மாதவி.

குனிந்து இமையை விலக்கினேன். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சளாக இருந்தது.

"நான் பாத்துட்டேன் மாலா. வெள்ளையாத்தான் இருக்கு" என்று பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

இவர் பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை, இவருக்கு நிஜமாகவே தெரியவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழந்தையை அள்ளி எடுத்தேன்.

"உங்களுக்குத் தெரியலண்ணே. அந்த மேசையும் மஞ்சள்தான், அதுவும் உங்களுக்குத் தெரியல. நான்தான் பொய் சொன்னேன். மாதவி, கார்ல ஏறும்மா!"

அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவரே ஓடிப் போய்க் கார்க் கதவைத் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரின் முகம் மாறிப்போனது. காமாலை அளவு மிக அதிகம், நீல விளக்கில் வைக்கிறோம், அதிலும் இறங்காவிட்டால் ரத்தத்தையே மாற்ற வேண்டும் என்றார். மூளைக்கு ஏறிவிட்டால் பிறகு யாராலும் சரிசெய்ய முடியாதாம். அந்தத் துளி உடம்பு கண் கட்டோடு நீல வெளிச்சத்தில் கிடந்தது. மாதவி கண்ணாடியில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே நடைபாதையில் அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சுவர் என்ன கலர் மாலா?"

"மஞ்சள்ணே. லேசான மஞ்சள்."

கையிலிருந்த ஆஸ்பத்திரித் தாளைச் சுவரில் ஒட்டினாற்போல் பிடித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார். "ரெண்டு நாள் கையில வச்சிப் பாத்தேனே மாலா. அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

மேசையைப் பார்த்த அன்றே நான் சொல்லித் தொலைத்திருந்தால் சனிக்கிழமையே இங்கே வந்திருப்போம். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அளவு சாயங்காலம் துளி இறங்கியது, மறுநாள் நன்றாக இறங்கியது. ரத்தம் மாற்றாமலே தப்பித்தோம். காமாலையால் காதுக்குப் பாதிப்பு உண்டா இல்லையா என்று மூன்று மாதம் கழித்துத்தான் சோதிப்பார்களாம். அந்தப் பயம் இன்னும் அப்படியே இருக்கிறது. அண்ணனையும் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வெள்ளையும் மஞ்சளும் அதில் ஒன்றாகத்தான் தெரியுமாம். வருடக்கணக்காக மெதுவாக ஏறியதால் அவருக்கே தெரியவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

புதன்கிழமை குழந்தை வீட்டுக்கு வந்தது. மாதவி பழக்க தோஷத்தில் அதை ஜன்னலோரம் கொண்டுபோய், "அப்பா, மஞ்சள் போயிடுச்சா, பாருங்க" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கிட்டே வந்து குனிந்து, பேத்தியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"என்னைக் கேக்காதம்மா" என்றார். "எனக்கு அன்னைக்கும் இப்படித்தான் தெரிஞ்சது."